தண்ணீர் வராத காரணம்

தலைவியம்மாவை நினைத்தால், பசளைச் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மழையில் மம்பட்டியோடு நின்ற கோலமே முதலில் வருகிறது. அவர் தேயிலைக் கொழுந்து பறிப்பவர். தோட்டத்து மாதர் சங்கத்தின் தலைவி. நான் அப்போது பதுளையில் ஒரு தொண்டு நிறுவனத்தில் கள உத்தியோகத்தன். மலை ஊற்றிலிருந்து தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குத் தண்ணீர் கொண்டுவருவது எங்கள் திட்டம். குழாய் எங்கள் பொறுப்பு. அதைப் பதிக்க நீளப் பள்ளமாகக் கான் வெட்டுவது ஊராரின் பங்கு. பகலெல்லாம் மலையேறி இறங்கிய பெண்கள் தயங்கியபோது அவர்தான் வீடு வீடாகப் போய்ப் பேசினார். "தீபாவளிக்கு வாசல்ல தண்ணி வரும். நான் பொறுப்பு." அந்த வார்த்தையை நம்பித்தான் அத்தனை பேரும் வந்தார்கள்.

கான் ஊற்றைத் தொட்ட வாரம் வெளிநாட்டிலிருந்து கடிதம் வந்தது. பணம் தந்தவர்கள் தண்ணீர்த் திட்டங்களை நிறுத்திவிட்டு வேறு நாட்டில் வேறு வேலைக்குப் போயிருந்தார்கள். எங்கள் பணிப்பாளர் என்னைக் கூப்பிட்டார். "இப்ப ஒன்னும் சொல்லாதீங்க. வேற இடத்துல கேட்டிருக்கோம். வெளிய தெரிஞ்சா அதுவும் கெட்டுப்போகும்." நான் சொல்லவில்லை. தலைவியம்மா தொலைபேசியில் கேட்கும்போதெல்லாம், "பைப் கொழும்புல இருந்து வரணும் அக்கா" என்றேன்.

தீபாவளி போயிற்று. கான் மழையில் சரிந்து மூடிக்கொண்டது. அந்தச் சமயத்தில்தான், கொழும்பில் வீட்டு வேலை செய்த அவர் மகள் தாய்க்கு ஒரு தையல் மெஷின் வாங்கி அனுப்பினாள். தண்ணீர்த் திட்டத்துக்கு வந்த காசில் வாங்கியது என்று லயம் முழுக்கப் பேச்சு. குடத்தோடு அவர் மலைநீர் விழும் பீலிக்குப் போனால் மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். பிறகு எல்லோரும் தண்ணீர் பிடித்து முடித்த பின்பே போகத் தொடங்கினாராம்.

ஒருநாள் அலுவலகத்துக்கே வந்தார். நாற்காலியில் உட்காரவில்லை.

"தண்ணி வேணாங்க தம்பி. நான் எடுக்கலேன்னு ஒருதரம் வந்து சொல்லிட்டுப் போங்க. அது போதும்."

அடுத்த வாரம் வருகிறேன் என்றேன். போகவில்லை. அப்போது எனக்குக் கல்யாணமாகி ஆறு மாதம். வேலை போய்விடுமோ என்று பயம். இன்றுவரை யோசித்தும் வேறு காரணம் கிடைக்கவில்லை.

அவர் மொனராகலையில் தங்கை வீட்டுக்குப் போய், அங்கேயே இறந்தார். எனக்குத் தெரியவே ஒரு வருடமாயிற்று. அதற்குள் நான் அந்த வேலையையும் விட்டிருந்தேன்.

போன மாதம் தோட்டத்துக்குப் போனேன். கோயிலடியில் நின்ற பெண்களிடம், கடிதம் வந்ததையும் நான் மறைத்ததையும் சொன்னேன். அந்த அம்மா ஒரு சதமும் எடுக்கவில்லை என்றேன். யாரும் கோபப்படவில்லை. அவரோடு கான் வெட்டியவர்களில் ஒருத்தி கடைசிவரை பொறுமையாகக் கேட்டாள்.

"இதைச் சொல்லச் சொல்லி இப்ப எந்த நிறுவனம் உங்கள அனுப்பியிருக்கு சார்?"

"யாரும் அனுப்பல. நானாத்தான் வந்தேன்."

"ஆமாங்க" என்றாள். பிறகு குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு பீலிப் பக்கம் நடந்தாள். மற்றவர்களும் அவள் பின்னால் போனார்கள்.