மலை உச்சியில் கிடைத்த நான்கு நிமிடம்

போன வருடம் ஜனவரியில், மூன்று நாள் தொடர் விடுமுறையின்போது நடந்தது இது. நான் துபாயில், கராமாவில் இருக்கிறேன். புதுக் கட்டடங்களில் தீ அலாரம் சரியாக வேலை செய்கிறதா என்று சோதித்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை. எதையும் பட்டியல் போட்டு ஒவ்வொன்றாக டிக் அடிக்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. வேலை என்னை அப்படி ஆக்கியதா, அப்படி இருந்ததால் இந்த வேலை கிடைத்ததா, தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் சைக்கிள் ஓட்டும் குழு ஒன்றில் ஒரு தோழி கிடைத்தாள். யாழ்ப்பாணத்துக்காரி. ஒரு பல் மருத்துவமனையில் லேப் டெக்னீஷியன். எங்கள் இரண்டு பெண்களுக்கும் ஒரே ஆசை. மேற்கே உம்முல் குவைன் கடலில் டயரை நனைத்துக் கிளம்பி, தார் ரோட்டை முடிந்தவரை தொடாமல், மணலும் சரளைக்கல் சமவெளியும் மலையும் தாண்டி, கிழக்கே புஜைரா பக்கம் கடலில் மறுபடி டயரை நனைக்க வேண்டும். ஏறக்குறைய நூற்று நாற்பது கிலோமீட்டர். மூன்று பகல், இரண்டு இரவு. வழியில் எங்கே இடம் தோதாக இருக்கிறதோ அங்கே கூடாரம்.

இரண்டு மாதம் திட்டம் போட்டேன். பாதை, உயரம், தண்ணீர் கிடைக்கும் இடங்கள், பஞ்சர் சாமான்கள், மருந்து, யார் பையில் எத்தனை கிராம் என்று நான்கு பக்கம் வந்தது. தோழி அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "நீங்கள் லிஸ்ட் போட்டு முடிக்கேக்குள்ள வெயில் காலம் வந்திடும் போல கிடக்கு" என்றாள்.

எல்லாக் கட்டமும் நிரம்பியது, ஒன்றைத் தவிர. 'அவசரத்துக்குத் தொடர்புகொள்ள வேண்டியவர். இங்கே உள்ளவராக இருக்க வேண்டும்' என்று நானே எழுதிய கட்டம். குறித்த நேரத்தில் நாங்கள் செய்தி அனுப்பாவிட்டால், அதைக் கவனித்து போலீசுக்குச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். தோழியின் அண்ணன் கடலுக்குள் எண்ணெய் எடுக்கும் மேடையில் வேலையில் இருந்தார். "அண்ணாவுக்கு ரெண்டு கிழமைக்கு போன் கிடைக்காது. உங்கட ஆளைப் போடுங்கோ" என்றாள்.

என்னுடைய ஆள் யார்? விருதுநகரில் இருக்கும் அம்மாவிடம் 'தோழியோடு மூன்று நாள் டூர்' என்று மட்டும் சொல்லியிருந்தேன். ரூமில் உடன் இருக்கும் இரண்டு பேரும் ஷிப்ட் முறையில் வேலை செய்பவர்கள். வாரத்தில் ஒருநாள் முகம் பார்த்தால் அதிசயம். ஆபீசில் யாரிடமும் இதற்குக் கேட்கும் அளவுக்குப் பழக்கமில்லை. மூன்று வருடம் இந்த ஊரில் இருந்திருக்கிறேன். நான் திரும்பி வராவிட்டால் அன்றைக்கே கவனிக்கக்கூடியவர் என்று ஒரு பெயர் எழுத முடியவில்லை. அந்தக் கட்டத்தை அப்படியே விட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தேன்.

கூடாரத்தை எடை போடத் தராசு இல்லாததால், இரவுச் சாப்பாடு வாங்கும் மெஸ்ஸுக்கு அதைத் தூக்கிக்கொண்டு போனேன். அங்கே மீன் பொரிக்கிற அக்கா கன்னியாகுமரிப் பக்கம் கடற்கரை ஊர். நாற்பது வயது இருக்கும். பெரிய துண்டு மீனை எனக்கு ஒதுக்கி வைப்பார் என்பதைத் தவிர அவரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. கூடாரத்தைத் தராசில் பார்த்ததும், "இது என்னது மக்ளே, பாராசூட்டா?" என்றார்.

சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அடுப்பைக் குறைத்து வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். "சரி, நீங்க வரலேன்னா ஆருக்குத் தெரியும்?" என்று கேட்டார்.

நான்கு பக்கத் திட்டத்தில் நான் விட்டுவைத்திருந்த கட்டத்தை முதல் கேள்வியிலேயே தொட்டுவிட்டார். கொஞ்சம் வெட்கத்தோடு, "அக்கா, உங்க நம்பரை எழுதிக்கட்டுமா? சும்மா ஒரு ஃபார்மாலிட்டிதான்" என்றேன்.

மறுநாள் அந்தப் பேப்பரைக் கேட்டு வாங்கினார். இங்கிலீஷில் இருந்ததால் நான் வாசித்துச் சொல்ல, எண்ணெய்க் கையைத் துடைத்துவிட்டு வேறொரு தாளில் தமிழில் எழுதிக்கொண்டார். கேட்ட கேள்விகள் ஒன்றுகூட என் பட்டியலில் இல்லை. யார் முன்னால் போவது, யார் பின்னால்? சட்டை என்ன நிறம்? கடைசியாக உங்களைப் பார்க்கப் போகிறவர் யார்? மலைக் கிராமத்தில் ஒரு குரோசரியைத் தண்ணீருக்காகக் குறித்திருந்தேன். "அங்க ஆரைத் தெரியும்?" என்றார். "யாரையும் தெரியாது." "அப்போ தெரிஞ்சுக்கிடணும்." இணையத்தில் யாரோ போட்டிருந்த போட்டோவில் கடையின் போர்டு இருந்தது. அதிலிருந்து நம்பரை எடுத்துக் கொடுத்தேன். என் முன்னாலேயே போன் போட்டு, கடைக்கார மலையாளி அண்ணனிடம், மூன்றாம் நாள் இரண்டு பெண் பிள்ளைகள் வருவார்கள், ஒருத்தி பச்சைச் சட்டை, ஒருத்தி ஆரஞ்சு என்று சொல்லிவிட்டார். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பாக இருந்தது.

செய்தி அனுப்பும் நேரம் பகல் பன்னிரண்டு, மாலை ஐந்து என்று எழுதியிருந்தேன். வராவிட்டால் இரண்டு மணி நேரம் பொறுத்துப் பிறகு போலீசுக்குச் சொல்ல வேண்டும்.

"ரெண்டு மணி நேரமா? என்னத்துக்கு?"

"சிக்னல் இல்லாம லேட் ஆகலாம்லக்கா. சும்மா பயந்துடக் கூடாதுன்னு ஒரு பஃபர்."

"பயப்படுகதுக்கும் டைம் போட்டு வச்சிருக்கியா? நல்லா இருக்கு. நீ உன் பேப்பர்ல எழுதிக்க. நான் என் கணக்குல நிக்கேன்."

முதல் இரண்டு நாளும் திட்டப்படியே நடந்தன. மணலில் சைக்கிளை ஓட்டியதைவிடத் தள்ளியதுதான் அதிகம். பாலைவனத்தில் வளரும் காஃப் மரத்தடியில் கூடாரம் போட்டோம். விடியும்போது ஓர் ஒட்டகம் வந்து எங்கள் ஓட்ஸ் பாக்கெட்டை முகர்ந்து பார்த்துவிட்டு, பிடிக்காமல் போனது. நாளுக்கு இரண்டு முறை நான் 'ஓகே' என்று அனுப்புவேன். அக்காவிடமிருந்து 'ம்' என்று குரல் பதிவு வரும். பின்னணியில் மீன் பொரிகிற சத்தம்.

மூன்றாம் நாள் காலை பத்தே முக்காலுக்கு மலைக் கணவாயின் உச்சியில் இருந்தோம். போனில் இரண்டு கோடு சிக்னல். ஆபீஸிலிருந்து வரிசையாக ஆறு செய்தி வந்து விழுந்தது. ஒரு சைட்டில் அலாரம் பேனல் தகராறு. எந்த வயரைப் பார்ப்பது என்று டெக்னீஷியன் கேட்டிருந்தான். விடுமுறை நாள்தான். இருந்தாலும் நின்ற இடத்திலேயே அவனுக்கு விவரமாகப் பதில் எழுதினேன். நான்கு நிமிடம் ஆனது.

"அக்காவுக்கும் போட்டுவிடுங்கோவன்" என்றாள் தோழி.

"இன்னும் பன்னிரண்டு ஆகலையே" என்றேன்.

இப்படித்தான் சொன்னேன். நேரம் தவறக் கூடாது என்று ஒழுங்காக இருக்கிறேன் என்ற நினைப்பு. கீழே இறங்கியதும் சிக்னல் போனது. முந்தின மாத மழையில் வாதியில், அதாவது மழை பெய்தால் மட்டும் ஆறாகிற அந்தக் காய்ந்த பள்ளத்தாக்கில், பாதையே அடித்துப்போயிருந்தது. ஆள் உயரப் பாறைகள். பைகளைக் கழற்றி ஒரு நடை, சைக்கிளைத் தூக்கி ஒரு நடை. எங்களுக்கு ஆபத்து ஒன்றும் இல்லை. தண்ணீர் இருந்தது, வானம் தெளிவாக இருந்தது. நேரம்தான் போய்க்கொண்டிருந்தது.

பன்னிரண்டு ஆனது. ஒன்று ஆனது. "மத்தியான கூட்டத்துல அக்காவுக்கு நேரம் பார்க்கவே முடியாது. ரெண்டு மணி வரைக்கும் பஃபர் இருக்கு" என்று நான் தோழியிடம் சொன்னேன். உண்மையில் எனக்கே சொல்லிக்கொண்டேன். இரண்டும் தாண்டியது. கிராமத்துக்கு இன்னும் ஆறு கிலோமீட்டர். போலீஸ் வந்துவிடுமோ என்ற கவலை எனக்குள் மெதுவாக ஏறியது. அப்போதும் என் கவலை, சும்மா கலாட்டா ஆகிவிடுமே என்பதாகத்தான் இருந்தது.

பாறைகள் முடிந்து வண்டித் தடம் தொடங்கும் இடத்தில் ஒரு பழைய பிக்கப் எதிரே வந்து நின்றது. ஓட்டி வந்த பட்டான் பெரியவர் இறங்கி, எங்கள் சட்டைகளை ஒன்று மாற்றி ஒன்று பார்த்தார். பச்சை, ஆரஞ்சு. "கராமாவாலி தீதி?" என்று மட்டும் கேட்டார். கராமா அக்காவின் ஆட்களா என்று அர்த்தம்.

குரோசரிக்காரர்தான் அனுப்பியிருந்தார். இங்கே போன் எடுக்காது, கடைக்கு வந்தால் பேசலாம் என்று பெரியவர் இந்தியில் சொன்னார். சைக்கிளில் போனால் அந்தச் சரளையில் முக்கால் மணி நேரம். வண்டியில் ஏற்றினால் பத்தே நிமிடம். ஆனால் ஏற்றினால் கடலிலிருந்து கடல் வரை சொந்தக் காலால் என்ற கணக்கு அங்கேயே உடையும். இரண்டு மாதத் திட்டம், முழங்கை முழுக்கச் சிராய்ப்பு. தோழி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் பைகளை அவிழ்க்க ஆரம்பித்தேன்.

"ஆராவது கேட்டா, கடலில இருந்து கடல் மட்டும், ஆறு கிலோமீட்டர் குறைய எண்டு சொல்லுவம்" என்று சொல்லிக்கொண்டே அவளும் ஒரு பக்கம் பிடித்தாள்.

கடைக்காரர் ரோட்டிலேயே நின்றிருந்தார். எங்களைப் பார்த்ததும் போனை எடுத்துக்கொண்டே பேசினார். மலையாளமும் தமிழும் கலந்த பேச்சு. பன்னிரண்டேகாலுக்கு முதல் போன் வந்ததாம். அப்புறம் கால் மணிக்கு ஒன்று. "நான் சொன்னது, சேச்சி, மலையில் சிக்னல் இல்லா, வரும், பேடிக்கண்டா, பயப்பட வேண்டாம் என்று. அப்போ அவங்க சொல்லிட்டாங்க, 'வரும் வரும்னு நான் ஒருக்கா கேட்டு நின்னாச்சு அண்ணா. நீங்க ஒரு வண்டி அனுப்புங்க. அனுப்புகியளா, நான் போலீசைக் கூப்பிடட்டா?' பின்னே நான் என்ன செய்யும்?"

போனை என் கையில் கொடுத்தார். அக்கா ஒரே மணியில் எடுத்துவிட்டார்.

"அக்கா, நான்தான். சாரிக்கா..."

"ரெண்டு பேரும் இருக்கியளா?"

"இருக்கோம்க்கா."

"அவகிட்ட குடு. அவ சத்தம் எனக்குக் கேக்கணும்."

தோழி வாங்கி, "ஓம் அக்கா, நான் நிக்கிறன், சுகமா நிக்கிறன்" என்றாள். போன் திரும்ப என்னிடம் வந்தது. சமையலறைக் காற்றாடியின் இரைச்சலும், யாரோ 'ரெண்டு மீல்ஸ்' என்று கத்துவதும் கேட்டன. அதற்குள் மூச்சை இழுத்து விடுகிற சத்தம். பிறகு அக்கா, "சாப்பிட்டியளா?" என்று கேட்டார். "இல்லைக்கா" என்றேன். கடைக்காரர் இரண்டு பரோட்டாவைத் தாளில் சுற்றி நீட்டிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மாலை நாலரைக்குக் கிழக்குக் கடலில் டயரை நனைத்தோம். சந்தோஷமாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். இரண்டு பேரும் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து, ஐந்து மணி ஆகும் முன்பே அனுப்பினேன். 'ம்' என்று பதில் வந்தது.

அடுத்த நாள் மெஸ்ஸுக்குப் போனேன். மதியக் கூட்டத்தின் நடுவில் பொரிக்கிற சட்டியை விட்டுவிட்டு போனோடு வெளியே வாசலில் போய் நின்றதற்காக, முதலாளி அவரை எல்லார் முன்னாலும் சத்தம் போட்டிருக்கிறார். சப்ளை பண்ணுகிறவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். மலை உச்சியில் சிக்னல் கிடைத்ததையும், ஆபீஸுக்குப் பதில் எழுதியதையும், அவருக்கு அனுப்பாததையும் மறைக்காமல் சொன்னேன்.

"வேலை உள்ள பிள்ளை, என்ன செய்வ" என்றார். பிறகு மீனைத் திருப்பிப் போட்டபடியே, என்னைப் பார்க்காமல் சொன்னார். "என் தம்பி கடலுக்குப் போன அன்னைக்கு ரெண்டு வள்ளம் போச்சு. சாயங்காலம் ஒண்ணு வந்துட்டு. மத்தது பின்னால வரும்னு எல்லாரும் சொன்னாவ. நானும் விடியுற வரைக்கும் அதை நம்பி இருந்துட்டேன். அப்பவே ஆளு அனுப்பியிருந்தா கெடச்சிருப்பானா, இல்லையா, இன்னைக்கும் எனக்குத் தெரியாது."

அதனால்தான் 'ரெண்டு பேரும் இருக்கியளா' என்று கேட்டிருக்கிறார். ஃபார்மாலிட்டி என்று சொல்லி நான் கொடுத்தது அவருக்கு என்னவாக இருந்தது என்று அப்போதுதான் புரிந்தது. பஃபர் என்று நான் பெருமையாக எழுதிய இரண்டு மணி நேரத்தை ஒருவர் ஒவ்வொரு நிமிடமாக நின்றுதான் கழிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அன்றைக்கு அக்காவின் பக்கத்தில் நின்று வெங்காயம் உரித்துக் கொடுத்தேன். அவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

இப்போது மழை நாளில் பஸ் தாமதமானால்கூட, அக்காவுக்கு ஒரு வரி அனுப்பிவிடுகிறேன். போன மாதம் அவர் லீவில் ஊருக்குப் போனபோது, விமானம் இறங்கியும் செய்தி வராமல் ஐம்பது நிமிடம் நான் ஆபீஸ் படிக்கட்டில் நின்றேன். ஐம்பது நிமிடம் எவ்வளவு நீளம் என்று தெரிந்துகொண்டேன். யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்பதைத்தான் மூன்று வருடமாகத் தைரியம் என்று நினைத்து வாழ்ந்திருக்கிறேன். எனக்காக ஒருவர் வாசலில் வந்து நின்றார் என்று தெரிந்த பிறகு, அந்தத் தைரியம் எனக்குத் தேவைப்படவே இல்லை.