பதினைந்து சென்டிமீட்டர் கல்

நெடுஞ்சாலைப் பொறியியல் படித்த காலத்தில் ஒரு கணக்கு எனக்குச் சிரிப்பாக இருக்கும். வண்டி ஓட்டுகிறவர் எவ்வளவு தூரத்தில் தடையைப் பார்த்தால் இடிக்காமல் நிறுத்த முடியும் என்ற கணக்கு. பார்த்து, புரிந்து, பிரேக்கை அழுத்த இரண்டரை விநாடி. எதிரே கிடக்கும் பொருளின் உயரம் பதினைந்து சென்டிமீட்டர். அது என்ன பொருள் என்று புத்தகத்தில் இருக்காது. நடுரோட்டில் இதை எந்தப் புண்ணியவான் கொண்டுவந்து போட்டான் என்று பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டு, வகுப்பில் திட்டு வாங்கியிருக்கிறேன்.

பிறகு உதவிப் பொறியாளராக வேலைக்கு வந்தேன். கரியாலூர் போகும் மலைப்பாதையில், வளைவுக்கு வளைவு நின்று தடுப்புச் சுவர் கட்டினேன், எதிரே வரும் வண்டி தெரிய உருண்டைக் கண்ணாடி வைத்தேன். கொஞ்சம் நல்ல பேர் கிடைத்தது. எனக்கு வாயும் நீளம். சாலைப் பாதுகாப்பு வாரம் வந்தால் பள்ளிக்கூடங்களில் பேச என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

எங்கள் பக்கம் மக்காச்சோளத்தைத் தார் ரோட்டில் காயப்போடுவது வழக்கம். பாதி ரோட்டில் கொட்டிப் பரப்பி, வண்டி ஏறாமல் இருக்கச் சோளத்தின் ஓரத்தில் வரிசையாகக் கல் வைப்பார்கள். சாயங்காலம் சோளத்தை அள்ளிக்கொண்டு போவார்கள். கல் அங்கேயே கிடக்கும், நாளைக்கும் வேண்டுமே. "தெரியாம செய்யறாங்க. நீங்கதான் வூட்ல எடுத்துச் சொல்லணும்" என்று பிள்ளைகளிடம் சொல்வேன். அவர்கள் கை தட்டுவார்கள். எனக்குப் பெருமையாக இருக்கும்.

எங்கள் வீடு சின்னசேலத்திலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் ஊரில். வீட்டு முன்னால் ரோடு வளைகிறது. அந்த ரோட்டை என் மேற்பார்வையில்தான் புதிதாகப் போட்டோம். வளைவின் வெளிப்பக்கத்தை எவ்வளவு உயர்த்துவது, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுவது என்று பார்த்துப் பார்த்துப் போட்டது. தார் ஆறியதும் சோளமும் கூடையுமாக ஊர் வந்து நின்றது. வளைவில் ஒருவரும் போடக்கூடாது என்று சத்தம் போட்டேன். முணுமுணுத்துக்கொண்டே நேர் ரோட்டுக்குப் போனார்கள்.

போன அறுப்பில் மூன்று நாள் வெயிலே இல்லை. எங்கள் சோளம் மூட்டைக்குள் சூடேற ஆரம்பித்துவிட்டது. நாலாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, நல்ல வெயில். நேர் ரோட்டில் ஒரு கூடை கொட்ட இடமில்லை.

"வளைவு காலியாத்தான கீது. இன்னைக்கு ஒரு நாளு தானே" என்றார் என் கணவர்.

நான் விரட்டியதால் காலியாக இருந்த இடம் அது. சரி என்றேன். அதோடு நின்றேனா? ரோட்டோரம் உடைந்து கிடந்த எங்கள் துறையின் வழிகாட்டிக் கல் துண்டுகளில் நாலைத் தூக்கிவந்து நானே வரிசையில் வைத்தேன். வெள்ளையடித்த கல், தூரத்திலேயே தெரியும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். சாயங்காலம் சோளத்தை அள்ளினோம். கல்லை எடுக்க வேண்டும் என்று நினைத்தேன். இடுப்பு வலித்தது. மறுநாளும் காயப்போட வேண்டும். விட்டுவிட்டேன்.

விடிகாலையில் நல்ல பனி. பால் கேன் உருளும் சத்தம் கேட்டு ஓடினோம். எங்கள் வீட்டுக்கே பால் ஊற்றுகிறவர், மொபெட்டோடு விழுந்து நினைவில்லாமல் கிடந்தார். வலது கை முறுக்கிக்கொண்டு கிடந்தது. ஆம்புலன்ஸ் வருவதற்குள் என் கணவர் கல்லையெல்லாம் பள்ளத்தில் உருட்டிவிட்டார். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

ரோட்டின் நிலை பற்றி எழுதித் தரும்படி போலீஸ் என்னைத்தான் கேட்டது. 'சாலை நல்ல நிலையில் உள்ளது. தடை ஏதும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எழுதும்போது தடை இல்லைதான். ஒரு சொல்கூடப் பொய்யில்லாமல் இவ்வளவு பெரிய பொய்யை எழுத முடிந்ததே என்று இன்றைக்கும் கூசுகிறது.

அவருக்கு விழுந்ததே ஞாபகமில்லை. சில மாதம் கழித்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மறுபடி பால் ஊற்ற வந்தார். வலது கை மடங்கவில்லை, இடது கையால்தான் அளந்தார். வாசலுக்கு வாசல் அதே பேச்சு. "மேடம் போட்ட ரோடு, எவ்ளோ நல்ல ரோடு. அதுல போயி வுழுந்தேன் பாருங்க. நான்தான் கண்ணு அசந்துட்டேன்." நான் பாத்திரத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விடுவேன். பள்ளிக்கூடத்தில் பேசக் கூப்பிட்டால் வேலை ஜாஸ்தி என்று தட்டிக் கழித்தேன்.

போன மாதம் ஒரு நாள் காலை, பாலோடு ஒரு கல்லையும் கொண்டுவந்தார். இடுப்பில் அணைத்து இடது கையால் பிடித்திருந்தார்.

"பள்ளத்துல கெடந்துது மேடம். வெள்ள அடிச்சிருக்குது, உங்க ஆபீசு கல்லாத்தான் இருக்கும். யாராவது தூக்கி ரோட்டுல வச்சிடப் போறாங்கன்னு எடுத்தாந்தேன்."

படியில் வைத்தார். அதன் உயரத்தை அளக்க எனக்கு டேப் வேண்டியதில்லை.

"அண்ணே, அத ரோட்டுல வச்சது நான்தான். நீங்க இதுலதான் வுழுந்தீங்க."

அவர் கல்லையே பார்த்துக்கொண்டு நின்றார். என்னைத் தேற்றுகிற குரலில் கேட்டார்.

"தெரியாம வச்சிட்டீங்களா மேடம்?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அவர் நம்பியிருப்பார்.

"இல்லண்ணே. தெரிஞ்சுதான் வச்சேன்."

அவர் பாலை அளந்து ஊற்றினார். கேட்டை இடது கையால் சாத்திவிட்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.