கீழே கூட்டி வந்தவர்

என் பெயர் ஞா. அருள்நாதன். நெய்வேலி நகரியத்தில் குடியிருப்பவன். வேலை, சுரங்க வரைபடப் பிரிவில். இங்குள்ள மலையேற்றக் குழுவுக்கு நெடுநாளாகச் செயலாளர். சென்ற மாதம் காலமான வேதவல்லி டீச்சரைப் பற்றி, அவரை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். அவரைப் புகழ்வது என் நோக்கமன்று. அது இரங்கல் கூட்டத்தில் தேவைக்கு மேலாகவே நடந்தது. நடந்ததை நடந்தபடி சொல்வதே நோக்கம்.

செய்தி வந்தபோது ஜெனரல் ஷிப்ட் பேருந்தில் இருந்தேன். குழுவின் பொருளாளர் ராபர்ட் தொலைபேசியில் அழைத்து, "சார், வேதா டீச்சர் போய்ட்டாங்க" என்றார். முதல்நிலைப் பயிற்றுநர் தேர்வுக்காக டீச்சர் மறுவாரம் மறுபடியும் சென்னை போகவிருந்தார். ஆகவே, "தேர்வு அடுத்த வாரந்தானே, அதுக்குள்ள ஏன் போனாங்க?" என்று கேட்டேன். "தேர்வுக்கு இல்ல சார். இறந்துட்டாங்க" என்றார் ராபர்ட். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. முதல்நாள் மாலை பள்ளி மைதானத்தில் மயங்கி விழுந்திருக்கிறார். மூளையில் ரத்தக் கசிவு. அன்று முழுவதும் என்னிடம் துக்கம் விசாரித்தவர்கள் கேட்டது ஒரே கேள்விதான்: மலையிலிருந்து விழுந்துவிட்டாரா? இல்லை. அவரும் மலையில் விழுந்ததில்லை, அவர் கூட்டிச் சென்றவர்களும் விழுந்ததில்லை.

அவரை அறியாதவர்களுக்காகச் சில விவரங்கள். கம்மாபுரம் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர். மந்தாரக்குப்பத்தில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு அங்கேயே ஒரு தனியார் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாக வேலை பார்த்தார். நம் ஊரில் உயரம் என்றால் சுரங்கத்திலிருந்து அள்ளிக் கொட்டிய மண்மேடுதான். அதில் ஏறவும் அனுமதியில்லை. அப்படிப்பட்ட ஊரில் பாறையேறக் கற்று, இரண்டாம் நிலைப் பயிற்றுநர் சான்றிதழ் பெற்றவர். இரண்டாம் நிலைக்காரர், பாறையேறப் பழகப் பிடிகள் பதித்த பயிற்சிச் சுவரில் சொல்லிக் கொடுக்கலாம். முதல்நிலைக்காரர் ஒருவரின் பொறுப்பில் பாறைக்குப் போகலாம். தம் சொந்தக் கையெழுத்தில் ஒரு குழுவை மலைக்கு அழைத்துச் செல்ல முடியாது. சுற்றுக் கிராமத்துப் பெண்பிள்ளைகளை, எவர் தயவும் இல்லாமல், மலைக்குக் கூட்டிப் போக வேண்டும் என்பது அவர் ஆசை. அதற்காகத்தான் முதல்நிலைக்கு முயன்றார். "இதுலயும் நான் கான்ட்ராக்ட்தான் சார். எப்ப பர்மனன்ட் பண்ணுவாங்களோ" என்று, சுரங்கத்து ஒப்பந்தத் தொழிலாளரைப் போலச் சொல்லிச் சிரிப்பார்.

எங்கள் குழுவின் பயிற்சிச் சுவரில் அவர் வைத்திருந்த வழக்கம் ஒன்று. ஏறுகிறவர் தம் இடுப்பில் கட்டிய கயிற்று முடிச்சைத் தாமே சரிபார்த்துக்கொண்டால் ஒப்புக்கொள்ள மாட்டார். பக்கத்தில் நிற்பவர் தொட்டு இழுத்துப் பார்க்க வேண்டும். விதியும் அதுதான். ஆனால் விதியை நான் சொன்னால் முகம் சுளிப்பவர்கள், அவர் சொன்னால் கேட்டார்கள். "அவங்கவங்க போட்ட முடிச்சு அவங்கவங்களுக்கு அழகாத்தான் தெரியும்" என்பார். ஒருமுறை என் முடிச்சை அவிழ்த்து மறுபடி போடச் சொன்னார். அது சரியாகத்தான் இருந்தது என்று வாதாடினேன். "இருக்கட்டும் சார். பசங்க பாக்குதுங்க இல்ல" என்றார். அவிழ்த்துப் போட்டேன்.

இனி, இதை எழுத வைத்த நிகழ்ச்சி. செஞ்சிப் பக்கத்துப் பாறை ஒன்றில் பெரியவர்கள் மட்டும் ஏறினோம். முதல்நிலைக்காரர் ஒருவர் வெளியூரிலிருந்து வந்து அடிவாரத்தில் இருந்தார். மேலே கயிற்றுக்குத் தலைமை டீச்சர், அவருக்கு அடுத்து எங்கள் குழுவில் இருந்த சுரங்க அதிகாரி ஒருவர், கடைசியில் நான். உச்சி கைக்கெட்டும் தூரத்தில் தெரிந்தபோது மேற்கே இடி கேட்டது. டீச்சர் நின்று, இறங்கலாம் என்றார். அதிகாரிக்குப் பிடிக்கவில்லை. இன்னும் கொஞ்சந்தானே, மழை வர நேரமாகும், நான் பார்க்காத மழையா என்று அடுக்கிக்கொண்டே போனார். டீச்சர் குரலை உயர்த்தவில்லை.

"சார், மேல போறது உங்க இஷ்டம். கீழ கூட்டிக்கினு போறது என் வேலை. எறங்குங்க."

இறங்கினோம். அடிவாரத்தைத் தொடுவதற்குள் பாறை முழுக்கத் தண்ணீர் வழிந்தது. அதிகாரி வண்டியில் ஏறி முன்னிருக்கையில் உட்கார்ந்துகொண்டார். 

முதல்நிலைத் தேர்வுக்கான முதல் நேர்காணலில் டீச்சரிடம் இதைத்தான் கேட்டிருக்கிறார்கள். வானிலை மாறியபோது திரும்பும் முடிவை எடுத்தது யார்? "எல்லாரும் பேசி எறங்கிட்டோம் சார்" என்று பதில் சொல்லியிருக்கிறார். தனித்து முடிவெடுக்கும் திறன் நிறுவப்படவில்லை என்று தீர்ப்பு வந்தது. எனக்குக் கோபம். 'நான்' என்று சொல்வதற்கென்ன என்று கேட்டேன். "எப்புடி சார் சொல்றது? அப்ப நான் சொல்லி அவரு எறங்குனாருன்னு ஆவும். அவரு பொண்ணு நம்ம சுவத்துல ஏறுது. அது காதுல வுழுந்தா?" என்றார். தேர்வுக் குழுவுக்கு நான் எழுதுகிறேன் என்றதற்கும் சம்மதிக்கவில்லை. இந்தப் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. பெரியவர் ஒருவர் உடனிருந்தால் நாம் செய்ததை 'நாங்கள் செய்தோம்' என்றுதான் சொல்வோம். அதற்குப் பெயர் மரியாதை. தேர்வுக் குழுவின் மதிப்பெண்ணில் அதற்குப் பெயர் தகுதிக்குறைவு.

இரண்டாம் முறைக்கு நானே பயிற்சி கொடுத்தேன். சுவருக்கு எதிரே சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்து கேள்வி கேட்பேன். அவர் 'நாங்க' என்று தொடங்கும்போதெல்லாம் கையை உயர்த்துவேன். நாக்கைக் கடித்துக்கொண்டு, 'நான்' என்று மறுபடி தொடங்குவார். நேர்காணலில் ஓரிடத்திலும் தவறவில்லை. அதிகாரியைப் பற்றிய பேச்சு வராமல், வேறு ஏற்றங்களைச் சொல்லித் தேர்ந்தெடுத்த வார்த்தைகளில் பதில் சொன்னார். இம்முறை தீர்ப்பு: குழு மனப்பான்மை போதாது.

திரும்பி வந்தவர் என்னிடம் கேட்டார்: "நாங்கன்னாலும் ஃபெயிலு, நான்னாலும் ஃபெயிலு. ரெண்டுக்கும் நடுவுல தமிழ்ல ஒரு வார்த்தை இருக்குதா சார்? நீங்கதான் படிச்சவரு."

இல்லை. எனக்குத் தெரிந்து இல்லை.

அதே ஆண்டு அதே குழுவின் முன் அந்த அதிகாரியும் போனார். முதல்நிலை பெற்று வந்தார். பாராட்டு விழாவில் நன்றி சொல்லும்போது, செஞ்சிப் பாறையில் இடி கேட்டதும் "திரும்பிடலாம்னு நான் முடிவெடுத்தேன்" என்று தேர்வுக் குழுவிடம் சொன்னதை விவரித்தார். குழு அந்தப் பதிலைப் பாராட்டியதாம். டீச்சர் என் பக்கத்து நாற்காலியில் இருந்தார். எல்லோரும் கைதட்டினார்கள், அவரும் தட்டினார். வெளியே வரும்போது மெதுவாக, "எறங்குனாரு இல்ல சார், அது போதும்" என்றார். எனக்குப் போதவில்லை. இன்றும் போதவில்லை.

இரங்கல் கூட்டத்தில் முதலில் பேசியவரும் அந்த அதிகாரியே. வாசலில் அவர் செலவில் வைத்த ஃப்ளெக்ஸில் டீச்சர் படத்தின் கீழ் 'முதல்நிலைப் பயிற்றுநர்' என்று அச்சிட்டிருந்தது. அது பிழை என்றேன். "செத்தவங்களுக்குக் குடுக்கறதுல என்ன சார் கணக்கு?" என்றார் ராபர்ட், என்னைச் சமாதானப்படுத்த. உயிரோடு இருந்தவருக்கு எல்லாக் கணக்கும் பார்த்தார்களே என்று நான் சொன்னதை யாரும் ரசிக்கவில்லை. இறந்தபின் வழங்கும் கௌரவச் சான்றிதழ் வேண்டித் தேர்வுக் குழுவுக்கு ஒரு தீர்மானம் அனுப்பலாம் என்று அதிகாரி முன்மொழிந்தார். கை தூக்கினார்கள். செயலாளர் கையொப்பம் வேண்டும் என்று என் முன்னால் வைத்தார்கள். நான் போடவில்லை. வேதவல்லி டீச்சர் இரண்டாம் நிலைப் பயிற்றுநராகவே இறந்தார். அவரை அங்கேயே நிறுத்தியவர்கள், இப்போது ஒரு காகிதம் கொடுத்துக் கை கழுவ நான் உதவ மாட்டேன்.

இதை எழுதுவதை அவர் விரும்பியிருக்க மாட்டார் என்று அறிவேன். அதிகாரியின் பெண் படித்து முடித்து வெளிநாட்டில் வேலைக்குப் போய்விட்டது. இனி யார் மனத்தையும் காக்க வேண்டிய கட்டாயம் எனக்கில்லை. டீச்சரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அவருடைய பெருந்தன்மை அல்ல. அதை நான் எப்போதும் சந்தேகத்தோடுதான் பார்த்தேன். இடி கேட்ட அந்தக் கணத்தில், தம்மைவிடப் பெரிய பதவிக்காரரைப் பார்த்து, 'எறங்குங்க' என்று சொன்னாரே, அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டிருக்கிறேன்.

நம் பிள்ளைகள் மலைக்குப் போக வேண்டுமானால் இன்று இந்த ஊரில் அந்த அதிகாரி ஒருவர் கையெழுத்துத்தான் இருக்கிறது. அந்தக் கையெழுத்தில் நான் எவரையும் அனுப்பப் போவதில்லை. எனக்கு ஐம்பது வயது, இரண்டாம் நிலைச் சான்றிதழ் உண்டு. விதியில் வயது வரம்பு இல்லை. அடுத்த நேர்காணலுக்கு நானே விண்ணப்பிக்கிறேன். செஞ்சிப் பாறையில் நானும் இருந்தேன். ஆகவே அந்தக் கேள்வி எனக்கும் வரும். திரும்பும் முடிவை எடுத்தது யார் என்று கேட்பார்கள். நான் என்றும் சொல்ல மாட்டேன், நாங்கள் என்றும் சொல்ல மாட்டேன். வேதவல்லி என்று சொல்வேன். மதிப்பெண்ணை அவர்கள் போட்டுக்கொள்ளட்டும்.