படகைப் பதினொரு முறை பிடித்தவர்

என் அக்காவின் கணவர் லிஃப்ட் மெக்கானிக். இருபத்திரண்டு வருடமாக அடுத்தவர்கள் படி ஏறாமல் பார்த்துக்கொள்வது அவர் வேலை. அந்தச் சாக்கில் தானும் ஏறாமல் பார்த்துக்கொண்டார். நாற்பத்தேழு வயதில், அவர் வருவதற்கு முன்னால் அவர் தொப்பை அறைக்குள் வந்துவிடும். கேட்டால் உடம்புவாகு என்பார்.

ஒரு நாள் பன்னிரண்டு மாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் நின்றுபோனது. மோட்டார் அறை மொட்டைமாடியில். கருவிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறிய மாமா, ஏழாவது மாடியில் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அங்கே குடியிருந்த ஓய்வுபெற்ற டீச்சர் நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, செய்தித்தாளால் விசிறினார். லிஃப்டைச் சரிசெய்ய வந்தவரை லிஃப்ட் இல்லாமல் எப்படிக் கீழே இறக்குவது என்று ஏழாம் மாடியே கூடி யோசித்தது. அவருக்கு முன்பே கதை அலுவலகம் போய்ச் சேர்ந்தது.

வேறு யாராவது என்றால் சாயங்காலம் நாலு தெரு நடந்திருப்பார்கள். மாமா, ட்ரையத்லான் போகிறேன் என்றார்.

"முதல்ல நீந்தணும், அப்புறம் சைக்கிள், அப்புறம் ஓட்டம். எல்லாம் ஒரே மூச்சுல" என்று சோபாவில் சாய்ந்தபடி எனக்கு விளக்கினார்.

"உங்களுக்கு நீந்தத் தெரியுமா மாமா?"

"அது என்ன பெரிய வித்தையா?"

முதலில் சாமான்கள் வந்தன. நெஞ்சுத் துடிப்பைக் காட்டும் கைக்கடிகாரம், காற்றைக் கிழிக்கும் தலைக்கவசம், உடம்போடு ஒட்டும் உடுப்பு. அந்த உடுப்புக்குள் அவரை நுழைக்க அக்கா ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் இழுத்தோம். தலையணை உறைக்குள் மெத்தையைத் திணிப்பது மாதிரி இருந்தது. பிறகு ஊரெல்லாம் சொன்னார். லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டிருந்த ஒரு குடும்பத்துக்குக்கூட, கதவைத் திறப்பதற்கு முன்னால் வெளியில் நின்று சொல்லியிருக்கிறார். அவர்களுக்கும் கேட்பதைத் தவிர வேறு வழியில்லை.

நீச்சல் சொல்லிக்கொடுத்த பெண்ணுக்கு அவர் வயதில் பாதிதான் இருக்கும். அவள் அவரை ஆழமில்லாத பக்கம் நிறுத்தி, மிதவைப் பலகையைக் கையில் கொடுத்தாள். ஆறு வயதுக் குழந்தைகள் அவரைத் தாண்டிப் போய், திரும்பி வந்து, மறுபடி தாண்டிப் போயின. "நான் வேகத்தைப் பார்க்கறதில்ல, ஸ்டைலைப் பார்க்கறேன்" என்றார் வீட்டில்.

ஐந்து மாதத்தில் ஒன்பது கிலோ குறைந்தது உண்மைதான். அதைத் தினமும் அவரே பாராட்டிக்கொண்டதால் எங்களுக்கு வேலையில்லாமல் போயிற்று.

போட்டிக்கு முந்தின நாள் எல்லோருக்கும் ஒரு பனியன் கொடுத்தார்கள். மார்பில் 'வெற்றிகரமாக முடித்தவர்' என்று எழுதியிருந்தது. அன்று மாலையே அதைப் போட்டுக்கொண்டு மருந்துக்கடை வரை போய்வந்தார்.

நீச்சல் ஏரியில். மூச்சு வாங்கினால் பாதுகாப்புப் படகைப் பிடித்துக்கொள்ளலாம், படகு மட்டும் நகரக் கூடாது என்பது விதி. நான் கரையில் நின்று எண்ணினேன். பதினொரு முறை. எட்டாவது முறை படகோட்டி சொன்னது எனக்கே கேட்டது.

"ஏறிடுங்களேன் சார். நானும் வீட்டுக்குப் போகணும்."

"மாட்டேன்" என்றார் மாமா. அந்த ஒரு சொல்லுக்குத்தான் அவரிடம் மூச்சு இருந்தது.

கடைசி ஆளாகக் கரையேறினார். கடைசி ஆளாகச் சைக்கிளை விட்டிறங்கினார். ஓட்டம் என்று அவர் சொன்னதைத் தெருநாய் ஒன்று நடந்தே தொடர்ந்து வந்தது. அவர் வந்து சேர்ந்தபோது முடிவுக்கோட்டில் நின்ற காற்றடைத்த வளைவை இறக்கிவிட்டிருந்தார்கள். அக்கா மட்டும் துண்டோடு நின்றாள். தரையில் கிடந்த பிளாஸ்டிக்கின் மேல் ஏறி நின்று, "இதானே கோடு?" என்று கேட்டார்.

"இதான் சார். காலைக் கொஞ்சம் எடுங்க, மடிக்கணும்" என்றான் அங்கிருந்தவன்.

பட்டியலில் அவர் எண்ணுக்கு நேராக 'நேரத்துக்குள் முடிக்கவில்லை' என்று இருந்தது. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

"நீங்க முடிச்சீங்கன்னு உங்களுக்குத் தெரியும்ல? அது போதாதா?" என்றாள் அக்கா.

"எனக்குத் தெரிஞ்சு என்ன பிரயோஜனம்?"

திங்கட்கிழமை அந்தப் பனியனோடு வேலைக்குப் போனார். படகு விஷயம் அங்கே ஏற்கெனவே தெரிந்திருந்தது. ஸ்டோர் கீப்பர் என் நண்பர், சொன்னது நான்தான். பனியனுக்கு மேல் சட்டையை மாட்டிக்கொண்டு, மாமா அன்று யாரோடும் பேசவில்லையாம். எனக்கு அது அவ்வளவு ருசிக்கவில்லை.

பனியனை அக்கா பால்கனி துடைக்க எடுத்துக்கொண்டாள். மூன்று வாரம் கழித்து, அவர் மறுபடி காலையில் நீச்சல் குளத்துக்குப் போகிறார் என்று அக்காதான் போனில் சொன்னாள். என்னிடம் அவர் மூச்சுவிடவில்லை. மருந்துக்கடைக்காரரிடமும் கேட்டுப் பார்த்தேன், அவருக்கும் தெரியாது. யாரிடமும் சொல்லாமல் ஒரு காரியம் செய்கிற மாமாவை எப்படிக் கேலி செய்வது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.