‘தடங்கலுக்கு’: இரண்டாம் பக்கம்

என் மனைவிக்குக் கோபமே வராது என்று சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் சொல்வார்கள். குடிநீர் அலுவலகத்தில் புகார் தொலைபேசியை எடுப்பது அவள் வேலை. குழாயில் காற்று வந்தாலும் சாக்கடை வந்தாலும் ஜனங்கள் அவளைத்தான் வாங்கு வாங்கென்று வாங்குவார்கள். அவளும் தேன் ஒழுக, "தடங்கலுக்கு வருந்துகிறோம்" என்பாள். வீட்டில் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தாலும் அதே வாக்கியம்தான் வரும்.

இப்படிப்பட்டவள் ஒரு பங்க் ராக் இசைக்குழுவில் பாடுகிறாள் என்றால் யார் நம்புவார்கள்? குழுவின் பெயரே ‘வருந்துகிறோம்’. டிரம்ஸ் அடிப்பது என் மச்சினி. கிதார், லிப்ட் மெக்கானிக் ஒருவர். வண்டி நிறுத்தும் அடித்தளத்தில் கச்சேரி, விளம்பரம் கிடையாது, ஆனாலும் நிற்க இடமிருக்காது. பங்க் பாடகர்கள் தொண்டை கிழியக் கத்துவார்கள். இவள் கத்த மாட்டாள். பின்னால் கிதார் காதைக் கிழிக்க, இவள் அலுவலகக் குரலில் குழைவாள்:

"தண்ணி வரலைன்னு
சொன்னது நீங்கதானுங்களே,
இப்ப கூரை வழியா வருது,
கையெழுத்துப் போட்டு வாங்கிக்குங்க!"

பள்ளிக்கூடத்தில் மதிப்பெண்ணுக்காக வஞ்சப்புகழ்ச்சி அணியை மனப்பாடம் செய்தவன் நான். அது சிரிக்க வைக்கும் என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன்.

முழுநீள இசைத்தட்டு போடுவது என்று முடிவானது. தலைப்பு ‘தடங்கலுக்கு’. இவர்கள் பாடப் பாட, ஊசி அப்போதே அந்தச் சத்தத்தைத் தகட்டில் வரியாக வெட்டும். ஒரு பக்கத்துப் பாடல்கள் முழுவதையும் நிறுத்தாமல் வாசிக்க வேண்டும். நடுவில் நின்றால் அந்தத் தகடு குப்பை.

"ஏன் இந்த வீம்பு? தப்பு வந்தா திருத்திக்கிற மாதிரி பதிவு பண்ணலாமே" என்றேன்.

"திருத்தித் திருத்திப் பேசுறதைத்தான் தினமும் ஆபீஸ்ல பண்றேனே" என்றாள்.

முதல் பக்கம் ஒழுங்காக முடிந்தது. இரண்டாம் பக்கத்தில் மச்சினியின் குச்சி கைநழுவிப் பறந்து ஒரு தகடு வீணானது. தகடு வெட்டுகிறவர் உதட்டைப் பிதுக்கினார். "இன்னும் ஒண்ணுதான் இருக்கு. மெஷினும் நாளைக்குக் கைமாறுது. இது போச்சுன்னா பாதி ஆல்பம்தான்."

மறுபடி தொடங்கினார்கள். நான் பதிவு அறையின் கண்ணாடிக்கு இந்தப் பக்கம், வெட்டுகிறவர் அருகே, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடைசிப் பாட்டு பாதி தாண்டியிருக்கும். கிதார் ஓய்ந்து டிரம்ஸ் மட்டும் மெல்ல ஓடிய இடத்தில், சுவரில் இருந்த பழைய தொலைபேசி மணியடித்தது. மணியடிக்காதபடி ரிசீவரை எடுத்துக் கீழே வைக்க மறந்திருந்தார்கள்.

என் மனைவி வாய் தவறி, "வணக்கம், காத்திருந்ததற்கு நன்றி, சொல்லுங்க" என்றாள்.

தகடு போச்சு என்று நான் தலையில் கை வைத்தேன். வெட்டுகிறவர் ஊசியைத் தூக்கக் கையை நீட்டினார். மச்சினி டிரம்ஸை விடவில்லை. மணி இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. என் மனைவி அதைப் பார்த்த பார்வையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"சொல்லு!" என்று கத்தினாள். "சொல்லுய்யா! வருந்துறோம், வருந்துறோம்னு சொன்னேனே, எவன்யா வருந்தினான்? அந்தக் கட்டடத்துல நான் ஒருத்திதான் வருந்தினேன்! நான் ஒருத்திதான்!"

வெட்டுகிறவர் நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். கிதார் பாய்ந்து வந்து சேர்ந்துகொண்டது. அவள் பாட்டு முடியும்வரை கத்தினாள். இத்தனை வருஷம் இதை எங்கே வைத்திருந்தாள்? பயமாக இருந்தது, கையெடுத்துக் கும்பிடலாம் போலவும் இருந்தது.

வெட்டுகிறவர் தகட்டைக் கழற்றி நுண்ணோக்கியின் கீழ் வைத்தார். தகட்டை ஓட்டிக் கேட்கக் கூடாதாம், வரி தேய்ந்துவிடும். சத்தம் அளவு மீறினால் ஒரு வரி வளைந்து பக்கத்து வரியை வெட்டிவிடும். அப்படி வெட்டியிருந்தால் எல்லாம் வீண். அவர் வெகுநேரம் குனிந்தே இருந்தார்.

"தொடலைம்மா. மயிரிழையில தப்பிச்சிருக்கு" என்றார்.

நானும் பார்த்தேன். அதுவரை ஒழுங்காக ஓடிய வரி, அந்த இடத்தில் தாறுமாறாக ஆடியிருந்தது. என் மனைவியின் கோபத்தை நான் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவளும் வந்து குனிந்தாள். பக்கத்து வரிக்கும் அதற்கும் நடுவே மிஞ்சியிருந்த இடத்தைப் பார்த்தாள்.

"இன்னும் கொஞ்சம் கத்தியிருக்கலாம்" என்றாள்.