அக்கா செய்த பற்கள்

அக்கா போய் இருபது நாள் ஆகிறது. அவள் மேசைமேல் நான்கு பல்செட்டுகள் இன்னும் இளித்துக்கொண்டிருக்கின்றன.

பல்செட் செய்வதுதான் அவள் தொழில். ஆங்கிலத்தில் சேர்ந்தாற்போல் நாலு வாக்கியம் பேச மாட்டாள். ஆனால் அதன் ஒவ்வொரு ஒலியும் வாயில் எங்கே பிறக்கிறது என்று அவளுக்குத் தெரியும். மேல்பல் கீழுதட்டைத் தொட்டுக் காற்று வந்தால் 'ஃபைவ்' தொடங்கும். அதே இடத்தில் தொண்டையும் அதிர்ந்தால் 'ஃபைவ்' முடியும். 'த்ரீ'க்கு நாக்கு நுனி பல்லிடுக்கில் எட்டிப் பார்க்க வேண்டும். 'சிக்ஸ்'க்குப் பற்கள் நெருங்கி நின்று காற்றுக்கு நூல் அளவு வழிவிட வேண்டும். அதனால் மெழுகில் பல் பதித்து வாயில் வைத்துப் பார்க்கும்போது, வருகிற எல்லோரையும் ஆங்கிலத்தில் எண்ணச் சொல்வாள்.

ஒருமுறை ரயில் நிலைய அறிவிப்பாளர் வந்தார். ஸ்கூட்டரிலிருந்து விழுந்ததில் மேல்வரிசை முன்பற்கள் போய்விட்டன. மூன்றாம் நாள் குரல் சோதனை; தேறாவிட்டால் பார்சல் அறைக்கு மாற்றிவிடுவார்கள். மெழுகுப் பல்லோடு மெதுவாக எண்ணினார். குறையே இல்லை. அக்காவுக்குத் திருப்தியில்லை.

"சோதனைன்னா எல்லாரும் பதவிசாத்தான் பேசுவாங்க," என்று என் காதில் சொல்லிவிட்டு அவரிடம் திரும்பினாள். "சார், போன மாசம் நீங்க பிளாட்பாரத்தத் தப்பா சொல்லி, என் தம்பி வண்டிய விட்டுட்டான்."

போன மாதம் நான் ரயில் பக்கமே போகவில்லை.

"நானா? பதினெட்டு வருஷத்துல ஒரு நம்பர் தப்பினதில்லம்மா. இப்படித்தான் சொல்லுவேன், கேட்டுக்குங்க," என்று எழுந்தவர், ஆறாம் ஏழாம் பிளாட்பார வண்டிகளை ஆங்கிலத்தில் மூச்சுவிடாமல் ஒப்பித்தார். 'சிக்ஸ்', 'செவன்', 'எக்ஸ்பிரஸ்' வந்த இடமெல்லாம் விசில்.

"வண்டி இங்கிருந்தே கிளம்பிடும் போலிருக்கே சார்," என்றாள் அக்கா.

அவர் முகம் செத்துவிட்டது. "அப்ப பார்சல் ரூம்தானா?"

"உக்காருங்க. காத்து போற பள்ளம் ஆழமா இருக்கு. தூர்த்துட்டா ஆச்சு."

பல்லுக்குப் பின்னால் கடுகளவு மெழுகு வைத்தாள். மறுபடி அவரைக் கோபப்படுத்தினாள். விசில் இளைத்தது. இன்னும் ஒரு கடுகு. மூன்றாவது கோபத்தில் நின்றுவிட்டது.

சோதனை நாள் மாலை என்னை நிலையத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். பெஞ்சில் காத்திருந்தோம். ஒலிபெருக்கி செருமியது, அவர் குரல்தான். எக்ஸ்பிரஸ் 'சிக்ஸ் அவர்ஸ்' தாமதம் என்று ஆங்கிலத்தில் வருத்தம் தெரிவித்தார். பிளாட்பாரமே திட்டித் தீர்த்தது.

பெட்டிமேல் உட்கார்ந்திருந்தவர் அக்காவை முறைத்தார். "ஆறு மணி நேரம் லேட்டுங்கறான். இதுல என்னம்மா சிரிப்பு?"

"எவ்வளவு சுத்தமா சொன்னாரு பாருங்க," என்றாள் அக்கா.