கங்காணி வெல்லுவாரா?

மலையகத்து வட்டகொடைக்கு ஆசிரியராக மாற்றலாகி வந்த புதிதில் எனக்கு விளங்காமல் இருந்தது குளிரல்ல, ஒரு வாங்கு. ஸ்டேஷனுக்குக் கீழே முத்தையாவின் தேத்தண்ணிக் கடையில், தொலைக்காட்சிப் பெட்டிக்கு நேர் எதிரே அந்த நீண்ட மர இருக்கை கிடந்தது. ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் குத்துச்சண்டை காட்டும்போது கடை நிறைய ஆள் இருக்கும். தேயிலை மலையில் வேலை செய்பவர்கள், ஃபெக்டரிக்காரர்கள், லொறிக்காரர்கள் எல்லோரும் சுவரோரம் நெருக்கியடித்து நின்று பார்ப்பார்கள். வாங்கில் மட்டும் ஒருவரும் இருக்கமாட்டார்கள். நான் முதல் நாளே போய் அதில் வசதியாக இருந்துவிட்டேன். முத்தையா தேத்தண்ணியைத் தந்துவிட்டு, "மாஸ்டர், அது சார்ஜன்ட் ஐயா ஒக்கார்ற எடங்க," என்று காதோடு சொன்னார். சார்ஜன்ட் அன்று வரவேயில்லை. வராத ஆளுக்காகவும் அவர்கள் கடைசிவரை நின்றுகொண்டே பார்த்தார்கள்.

கனடாவிலும் லண்டனிலும் இருந்துகொண்டு பனியைப் பற்றியும் பாஷையைப் பற்றியும் எழுதுகிற நண்பர்களுக்கும், ஊரிலேயே தங்கிவிட்டவர்களுக்கும் சொல்கிறேன்: கடல் தாண்டாமலும் புலம்பெயரலாம். நான் யாழ்ப்பாணத்திலிருந்து வெளிக்கிட்டு, வவுனியாவில் இராணுவச் சோதனை முடித்து ரயிலேறி வந்தவன். இங்கேயும் தமிழ்தான், கோயிலில் இருப்பதும் அதே முருகன்தான். அதனால்தான் பிழை விடுவது சுலபமாக இருக்கிறது. அந்நிய நாட்டில் என்றால் மனிதன் கொஞ்சம் கவனமாகவாவது இருப்பான்.

சார்ஜன்ட் சிங்களவர். தலவாக்கலை பொலிஸில் வேலை, வட்டகொடையில் வீடு. ஒருகாலத்தில் பொலிஸ் அணியின் ஹெவிவெயிட் வீரர். மூக்கு ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், பென்ஷனுக்கு அதிக காலமில்லை. அந்த நாட்களில், தொண்ணூறுகளின் நடுவில், அவருக்கு ஒரே ஒரு கவலைதான். நாற்பதைத் தாண்டிய வெளிநாட்டு வீரர் ஒருவர், இரண்டு தடவை பட்டத்தை வென்று இரண்டு தடவையும் இழந்தவர், மூன்றாம் தடவையாக ஓர் இளம் சாம்பியனோடு மோதப்போகிறார். கடையில் அந்த வீரருக்குக் கங்காணி என்று பெயர். கொழுந்தெடுக்கும் நிரைகளுக்குள் வேலையை மேற்பார்க்கும் கங்காணி நடப்பதுபோல, அவசரமே இல்லாமல் ரிங்கைச் சுற்றி வருவாராம். இந்தப் பெயரை சார்ஜன்ட் இருக்கும்போது ஒருவரும் சொல்லமாட்டார்கள் என்பதை நான் பிறகுதான் கவனித்தேன்.

"இந்த முறை பட்டம் அவருக்குத்தான்," என்றார் சார்ஜன்ட் ஒரு ஞாயிறு. "கால் போகும், மூச்சு போகும். குத்து போறது இல்ல. அது கடைசி வரைக்கும் இருக்கும்."

"ஆமாங்க சார். அவரு அடிச்சா எந்திரிக்க முடியுங்களா?" என்றார் முத்தையா. சுவரோரமெல்லாம் தலையாட்டியது.

எங்கள் ஊர் வாசிகசாலையில் வளர்ந்தவனுக்கு இது பொறுக்குமா? அங்கே ஒரே பத்திரிகையை நாலு பேர் பிரித்து வாசிப்போம். விளையாட்டுப் பக்கம் வைத்திருப்பவன் ஒன்று சொன்னால் மற்ற மூன்று பேரும் எதிர்த்தாக வேண்டும். தலைமையாசிரியர் சொன்னாலும் விடமாட்டோம், வீட்டுக்குப் போகும் வழியிலும் சைக்கிளை உருட்டிக்கொண்டு வாதாடுவோம். எதிர்த்துக் கதைப்பது எங்களுக்கு மரியாதைக் குறைவல்ல. ஒருவரை எதிர்க்காமல் விட்டால்தான் அவரைக் கணக்கில் எடுக்கவில்லை என்று அர்த்தம்.

"இல்லை சார்," என்றேன். "கடைசியாக அவர் வென்ற ஆட்கள் எல்லோரும் தேடிப் பிடித்துக் கொண்டுவந்த சோப்ளாங்கிகள். குத்து இருந்து என்ன, அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கக் கால் வேண்டாமா? இப்போதே விலகினால் பெரிய வீரர் என்ற பெயராவது மிஞ்சும். இந்தச் சண்டைக்குப் போனால் அதுவும் போய்விடும்."

பால் பொங்கி வழிந்ததைக்கூட முத்தையா பார்க்கவில்லை. சார்ஜன்ட் என் பக்கம் முழுதாகத் திரும்பினார்.

"மாஸ்டர் யாழ்ப்பாணம், இல்ல?"

"ஓம். எப்படித் தெரியும்?"

"இங்க ஒரு ஆளும் எனக்கு இல்ல சொல்றது இல்ல," என்றார். சிரித்தாரா முறைத்தாரா என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியாது. அந்தச் சாய்ந்த மூக்கு எதையும் காட்டிக்கொடுக்காது.

அவர் போனபிறகு முத்தையா என்னைப் பிடித்துக்கொண்டார். "என்னாங்க மாஸ்டர் இப்புடிப் பண்ணிட்டீங்க? கங்காணி விழுந்துருவாருனு எங்களுக்குந் தெரியுங்க. ஒருத்தருக்குமா தெரியாது? தோட்டத்து தொரைகிட்டயும் பொலிஸ்கிட்டயும் ஆமான்னு சொல்லிட்டு வந்து நாங்க எங்களுக்குள்ள பேசிக்குவோம். எண்பத்து மூணு கலவரத்துல எந்தெந்த லயத்து வீடுங்களுக்குத் தீ வச்சாங்கன்னு இங்க எல்லாருக்கும் ஞாபகம் இருக்குங்க." எனக்குக் கோபம் வந்தது. இத்தனை நாளும் இவர்களை ஒன்றும் தெரியாத ரசிகர்கள் என்று நினைத்திருந்தேனே என்று என்மேல்தான் அதிகம் வந்தது.

அந்த வாரம் கொழும்பில் குண்டு வெடித்தது. மலையகம் முழுவதும் சுற்றிவளைப்பு. என் மனைவி வசந்தியின் தம்பி குகன், வங்கியில் வேலை செய்பவன், லீவில் அக்காவைப் பார்க்க வந்து வட்டகொடை ஸ்டேஷனில் இறங்கினான். இறங்கிய இடத்திலேயே தலவாக்கலைப் பொலிஸார் பிடித்து ஜீப்பில் ஏற்றிவிட்டார்கள். யாழ்ப்பாணத்து அடையாள அட்டை, அது போதும். அந்தக் காலத்தில் அப்படிப் போனவர்களில் சிலர் மறுநாளே வந்தார்கள், சிலர் பூசா தடுப்பு முகாமுக்குப் போனார்கள், சிலர் எங்கே என்றே தெரியவில்லை.

"நீங்கள் ஏன் அந்தாளோட வாய்காட்டப் போனியள்?" என்று வசந்தி அழுதாள். "அதை மனசில வச்சுக்கொண்டுதான் பிடிச்சிருப்பான். ஒரு குத்துச்சண்டைக்கு என்ர தம்பியைக் குடுத்திட்டியளே."

நான் தலவாக்கலைப் பொலிஸுக்கு ஓடினேன். சார்ஜன்ட் மேசையில் இருந்தார். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "விசாரணை முடியல்ல," என்றார். பிறகு குரலை மாற்றாமலே, "ஞாயிற்றுக்கிழமை ஃபைட் இருக்கு. மாஸ்டர் கடைக்கு வாங்க," என்றார். அது அழைப்பா, மிரட்டலா? பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அந்த இரண்டு வசனத்தையும் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன்.

ஞாயிறு காலை கடைக்குப் போனபோது அவர் இன்னும் வரவில்லை. நான் சுவரோரம் நின்றேன். இரவு வேலை முடித்த சீருடையோடு வந்தவர் வாங்கில் இருந்துகொண்டு, பக்கத்தைத் தட்டி, "மாஸ்டர், இங்க," என்றார். போய் இருந்தேன்.

"சார், குகன்..."

"முதல்ல ஃபைட். அது பிறகு."

மணி அடித்தது. கங்காணி எப்போதும்போல ஆறுதலாக, அவசரமில்லாமல் நடந்தார். மற்றவன் பாய்ந்து பாய்ந்து அடித்தான். மூன்றாம் சுற்றிலேயே கங்காணியின் இடது கண் வீங்கிவிட்டது. நான் சொன்னது சொன்னபடி நடந்தது, கால் வரவில்லை. குத்தும் இடத்துக்கு உடம்பு போய்ச் சேருவதற்குள் அவன் அங்கே இல்லை. ஒவ்வொரு அடிக்கும் சார்ஜன்டின் தோள் என் தோளில் உரசியது. கங்காணி ஒரு சுற்றாவது வெல்லவேண்டும் என்று எல்லாத் தெய்வங்களையும் கூப்பிட்டேன். என் வாழ்க்கையில் நான் இவ்வளவு மனமுருகி ஆதரித்த விளையாட்டு வீரர் வேறில்லை.

ஏழாம் சுற்றின் முடிவில் கங்காணி மூலை ஸ்டூலில் வாயைத் திறந்துகொண்டு கிடந்தார். சார்ஜன்ட் திரும்பினார்.

"இப்ப மாஸ்டர் என்ன சொல்றது?"

பின்னால் முத்தையா மெல்லக் கனைத்தார். முழுக் கடையும் என் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"வெல்லுவார் சார்," என்றேன். "உங்கட கணக்குத்தான் சரி. குத்து இன்னும் இருக்கு. கட்டாயம் வெல்லுவார்."

அவர் என்னையே பார்த்தார். "மாஸ்டரும் ஆமா சொல்றது?" என்றார். திரும்பிப் பெட்டியைப் பார்த்தார், தோளை விலக்கிக்கொண்டார். அடுத்த சுற்றில் கங்காணி விழுந்தார், எழும்பவில்லை. சார்ஜன்ட் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார். நான் பின்னால் ஓடினேன். "வீட்டுக்குப் போங்க மாஸ்டர்," என்றார், திரும்பாமல்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டு நடந்தேன். வசந்திக்கு என்ன சொல்வது? குவாட்டர்ஸ் கதவு திறந்திருந்தது. உள்ளே குகன் குளித்துவிட்டு, தலை ஈரத்தோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"விடியவே விட்டிட்டாங்கள் அத்தான்," என்றான். "முதல் பஸ் பிடிச்சு வந்தனான், நீங்கள் அதுக்குள்ள கடைக்குப் போயிட்டியளாம். சார்ஜன்ட்தான் பொறுப்பெடுத்து விட்டவர். 'உன்ர அத்தான் என்ர முகத்துக்கு நேரா இல்லை எண்டு சொன்ன ஒரே ஆள், அப்பிடிப்பட்ட ஆள் பொய் சொல்லமாட்டான்' எண்டு தன்ர பெரிய அதிகாரிக்குச் சொன்னவர். சண்டை முடிய, தானே உங்களுக்குச் சொல்லுறன் எண்டவர். சொன்னவரே?"

வசந்தி முகமெல்லாம் சிரிப்பாக எனக்கும் சாப்பாட்டுக் கோப்பையைக் கழுவினாள். நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அதற்குள் வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். முத்தையா, கையில் ஒரு றாத்தல் பாணும் தொட்டுக்கொள்ளப் பருப்புக் கறியும். செய்தி எப்படியோ எட்டிவிட்டது.

"நல்லா சொன்னீங்க மாஸ்டர்," என்றார், கண் கலங்கியிருந்தது. "நீங்க மட்டும் இன்னைக்கு ஆமான்னு சொல்லலேன்னா தம்பிய விட்டிருப்பாங்களா? இனிமே நீங்க எங்க ஆளுங்க."

நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே குகன் இன்னும் என் பதிலுக்காகப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு "இரும், வாறன்" என்றேன். இந்தப் பக்கம் திரும்பி முத்தையாவுக்கு "வாங்க, உள்ள வாங்க" என்றேன். இரண்டு பேச்சுமே சிரமமில்லாமல் வந்தன.